பெஸ்ஸாவுக்குத் துணையாக ஒரு பழைய கன்சில்: ஏழு ஆண்டு அனுபவம்

எங்கள் வீட்டு முகப்பில் இரண்டு கார்கள் நிற்கின்றன. ஒன்று, 2017ஆம் ஆண்டில் ஒன்பது ஆண்டுத் தவணையில் புதிதாக வாங்கிய பெரோடுவா பெஸ்ஸா 1.3 ஆட்டோ. மற்றொன்று, 2019 மார்ச்சில் ஓய்வுபெற்ற ஒரு தோட்டக் கிராணியாரிடம் (தோட்ட அலுவலக எழுத்தர்) 3,800 ரிங்கிட் ரொக்கமாகக் கொடுத்து வாங்கிய 2001ஆம் ஆண்டுப் பெரோடுவா கன்சில் 660. சுங்கை சிப்புட்டில் எங்களைப் போல் கணவனும் மனைவியும் வெவ்வேறு திசையில் வேலைக்குப் போகும் குடும்பங்கள் பல. இரண்டாவது கார் வாங்கலாமா, வாங்கினால் பழையதா புதியதா என்று என்னிடம் கேட்டவர்களும் பலர். ஒவ்வொருவரிடமும் பாதி பாதியாகச் சொன்னதை, இந்தப் பிப்ரவரியோடு முடிந்த ஏழு ஆண்டுக் கணக்கோடு இங்கே முழுதாக எழுதுகிறேன்.

என் கணவர் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் மூன்று ஷிப்ட் மாறி மாறி வேலை செய்கிறார். நான் ஊருக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. நாங்கள் குடியிருக்கும் தமானிலிருந்து பள்ளி 9 கிலோமீட்டர். அதில் கடைசி நான்கு கிலோமீட்டர் தோட்டத்து மண் சாலை. பேருந்து அந்தப் பக்கம் வருவதில்லை. பெஸ்ஸா மட்டும் இருந்த காலத்தில் உடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவரின் காரில்தான் போய் வந்தேன். அவர் விடுப்பு எடுக்கும் நாளில் யாரைக் கேட்பது என்று முதல் நாள் இரவே யோசிக்க வேண்டியிருக்கும். 2018ஆம் ஆண்டின் கடைசியில் ஒரு பிற்பகல், தோட்டத்தில் தனியாக இருந்த என் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். கணவரும் பெஸ்ஸாவும் ஈப்போவில். பக்கத்து வீட்டுக்காரர் தம்முடைய வேனில் அத்தையை மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். நான் கிராப் வண்டிக்காக முக்கால் மணி நேரம் வாசலில் நின்றேன். அன்றிரவே இரண்டாவது கார் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டோம்.

எங்கள் முன் இருந்த வழிகள் இரண்டு. புதிய ஆக்சியா ஒன்றை மீண்டும் தவணையில் எடுக்கலாம்; அல்லது கையில் இருக்கும் பணத்துக்குப் பழைய கார் ஒன்றை வாங்கலாம். பெஸ்ஸாவுக்கு அப்போதே மாதம் 453 ரிங்கிட் கட்டிக்கொண்டிருந்தோம். ஒரே வீட்டில் இரண்டு தவணை என்பது எங்கள் சம்பளத்துக்குக் கனம். ஆகவே பழைய கார்தான் என்றானது. விவா பார்த்தோம், முதல் தலைமுறை மைவி பார்த்தோம். கடைசியில் கன்சிலிடம் வந்து நின்றதற்குக் காரணம் விலை மட்டுமல்ல. 1994 ஆகஸ்டில் பெரோடுவாவின் முதல் காராக வெளிவந்த கன்சில், டைஹாட்சு மிராவை அடிப்படையாகக் கொண்டது. 2009 வரை பதினைந்து ஆண்டுகள் உற்பத்தியில் இருந்தது. இத்தனை நீண்ட காலம் செய்யப்பட்டு, இத்தனை வீடுகளுக்குப் போன ஒரு காருக்கு உதிரிப்பாகம் கிடைக்காமல் போகாது. பால்மரம் வெட்டிய எங்கள் பெற்றோர் தலைமுறையில், மோட்டார் சைக்கிளுக்கு அடுத்து ஒரு கூரை வேண்டும் என்று நினைத்தவர்கள் பலருக்கும் முதல் கார் கன்சில்தான். அதைப் பழுதுபார்க்கத் தெரியாத போர்மேன் எங்கள் ஊரில் கிடையாது.

கிராணியார் காரோடு ஒரு நீல அட்டை நோட்டையும் கொடுத்தார். 2001ஆம் ஆண்டிலிருந்து எந்தத் தேதியில் எஞ்சின் எண்ணெய் மாற்றினார், எப்போது டயர் வாங்கினார், எத்தனை கிலோமீட்டரில் பேட்டரி போனது என்று தோட்டத்துக் கணக்கேட்டில் எழுதுவதுபோலவே நேர்க்கோட்டில், நீல மையில், ஒரு வரியும் விடாமல் எழுதி வைத்திருந்தார். கடைசிப் பதிவு 118,400 கிலோமீட்டர். பழைய கார் வாங்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: காரைப் பார்ப்பதற்கு முன் காரை வைத்திருந்தவரைப் பாருங்கள். இதைவிடப் பளபளப்பாகச் சாயம் அடித்த இரண்டு கன்சில்களை ஒரு பழைய கார் விற்பனையாளரிடம் பார்த்தோம். ஒன்றில் தரைவிரிப்பைத் தூக்கியபோது ஓட்டுநர் காலடித் தகடு துருப்பிடித்துக் கையோடு உதிர்ந்தது. கிராணியாரின் காரில் சாயம் வெளுத்திருந்தது, பின்பக்கக் கதவில் ஒரு நசுங்கல் இருந்தது. ஆனால் தரைத் தகடு உறுதியாக இருந்தது.

பெயர் மாற்றத்துக்கு முன், வாகனங்களைச் சோதிக்கும் புஸ்பாகோம் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். ஒரே தடவையில் தேறியது. பிறகு எங்கள் தமானுக்கு அருகில் பட்டறை வைத்திருக்கும் போர்மேன் அண்ணனிடம் ஒரு வாரம் விட்டோம். டைமிங் பெல்ட், தண்ணீர்ப் பம்ப், ரேடியேட்டர் குழாய்கள், முன்பக்க அப்சார்பர் இரண்டு, டயர் நான்கு ஆகியவற்றை மாற்றியதில் செலவு 1,450 ரிங்கிட். விலை 3,800 என்று எண்ணிக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். உண்மை விலை 5,250. இந்த முதல் செலவைத் தள்ளிப்போடாதீர்கள். டைமிங் பெல்ட் அறுந்தால் கார் நடுவழியில் நின்றுவிடும். பெஸ்ஸாவில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி இருப்பதால் அந்தக் கவலை இல்லை.

சாவியைக் கொடுக்கும்போது போர்மேன் அண்ணன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "டீச்சர், இந்தக் காடி ஓடும். ஆனா பெஸ்ஸா மாதிரி ஏறி உக்காந்து போயிடாதீங்க. வாரத்துக்கு ஒரு தடவ பானெட்டத் தொறந்து தண்ணி, எண்ணெய் ரெண்டையும் பாருங்க." ஏழு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைச் செய்துவருகிறேன். இரண்டு நிமிட வேலை. இது பிடிக்காது என்பவர்கள் இருபது வயதைத் தாண்டிய காரை வாங்க வேண்டாம். இதைவிட வெளிப்படையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இனி ஒப்பீட்டுக்கு வருகிறேன். தோட்டத்துச் சாலையில் எந்தக் கார் நல்லது என்று கேட்டால், தயக்கமில்லாமல் கன்சில் என்பேன். இதை வாங்கும்போது நான் எதிர்பார்க்கவில்லை. பெஸ்ஸா 4.15 மீட்டர் நீளம். அதன் முன்பக்கம் தாழ்ந்து நீண்டிருப்பதால் மழை அரித்த பள்ளங்களில் இறங்கி ஏறும்போது பம்பரின் அடி மண்ணில் உரசும். ஒருமுறை செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்கு வழிவிட ஓரம் ஒதுங்கியபோது, புல்லுக்குள் மறைந்திருந்த சாக்கடைக் கல்லில் தட்டி பம்பரின் கொக்கிகள் உடைந்துவிட்டன. கன்சிலோ குட்டையான கார்; முன்சக்கரம் ஏறக்குறைய காரின் மூக்கிலேயே இருப்பதால் உரசுவதற்கு முன்னால் ஒன்றும் நீட்டிக்கொண்டிருப்பதில்லை. எதிரே லாரி வந்தால் இரண்டு செம்பனை மரங்களுக்கு நடுவில் உள்ள இடத்தில் கூட ஒதுங்கி நின்றுவிடலாம். ஏறத்தாழ 700 கிலோதான் எடை என்பதால், பெஸ்ஸாவின் சக்கரம் சுழன்று சேறு வாரி அடிக்கும் இடத்தில் இது இரண்டாவது கியரில் மெல்ல நழுவிப் போய்விடும்.

குறையும் உண்டு. 12 அங்குலச் சக்கரம் பள்ளத்தில் விழுந்தால், 14 அங்குலச் சக்கரத்தைவிட ஆழமாக விழும். அந்த அதிர்ச்சி நேராக முதுகுக்கு வருகிறது. பெஸ்ஸாவில் நான் மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும் இடத்தில் கன்சிலில் 20க்கு மேல் போவதில்லை. பள்ளித் தேர்வுத்தாள் கட்டுகளைப் பின்னிருக்கையில் வைத்தால் பள்ளி சேர்வதற்குள் அவை தரைக்கு இறங்கியிருக்கும். அப்சார்பரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது.

மழைக்காலத்தில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். என்னுடைய கன்சில் கார்புரேட்டர் எஞ்சின். தீப்பொறியை மூன்று சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் என்ற பாகம் இதில் உண்டு. அதன் மூடிக்குள் ஈரம் புகுந்தால் எஞ்சின் இருமி இருமி நின்றுவிடும். 2020 நவம்பரில் தோட்டத்து முச்சந்தியில் தேங்கிய தண்ணீரில் சற்று வேகமாக இறங்கிவிட்டேன், கார் நின்றது. போர்மேன் அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் சொல்லச் சொல்ல, இரண்டு கவ்விகளைத் தள்ளி அந்த மூடியைக் கழற்றினேன். உட்புறத்தில் வேர்வை பூத்ததுபோல் சின்னச் சின்ன நீர்த்துளிகள். காரில் இருந்த துண்டால் துடைத்து, வாயால் ஊதி உலர்த்தி, மூடியைத் திரும்பப் பொருத்திச் சாவியைத் திருப்பினேன். இரண்டாம் முறையில் கிளம்பிவிட்டது. அன்றிலிருந்து முன்னிருக்கைக்கு அடியில் ஓர் உலர்ந்த பருத்தித் துணி எப்போதும் இருக்கிறது. பெஸ்ஸாவில் டிஸ்ட்ரிபியூட்டரே இல்லை. ஆனால் அது வழியில் நின்றுபோனால் பானெட்டைத் திறந்து நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. கணினி இணைத்துப் பார்க்கும் பட்டறைக்கு இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

ஓட்டும் சுகத்தில் பெஸ்ஸாவோடு கன்சிலை ஒப்பிடவே முடியாது. பெஸ்ஸாவின் ஸ்டீயரிங்கை ஒரு விரலால் திருப்பலாம். என்னுடைய கன்சிலில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. கார் நகர்ந்துகொண்டிருந்தால் பாரம் தெரியாது, நின்ற இடத்தில் திருப்பினால் தோள்பட்டை வலிக்கும். முதல் மாதம் நின்றபடியே வளைக்க முயன்று சிரமப்பட்டேன். பிறகு, ஓரடியாவது உருளவிட்டுத் திருப்பப் பழகினேன். ஏர்கோண்ட் பகல் பன்னிரண்டு மணிக்கு நின்றபடி இருந்தால் வெறும் காற்றுதான். மேட்டில் ஏறும்போது ஏர்கோண்டை அணைத்துவிட்டு ஏறுவது கன்சில் ஓட்டிய எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். 659 சிசி எஞ்சினால் இரண்டு வேலையை ஒன்றாகச் செய்ய இயலாது. இரைச்சலும் அதிகம். பாட்டுக் கேட்கும் வசதி பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பழைய வானொலிப் பெட்டி இருக்கிறது, மின்னல் எஃப்எம் கேட்கிறது, அது போதும்.

ஊருக்குள் மீண்டும் கன்சில் முந்துகிறது. ஞாயிறு காலையில் சந்தைப் பக்கம் கார் நிறுத்த இடம் கிடைப்பது அரிது. பெஸ்ஸாவில் இரண்டு சுற்று வந்து வீடு திரும்பிய இடத்தில், இரண்டு லாரிகளுக்கு நடுவிலோ ஒரு கடைத் தூணின் ஓரத்திலோ கன்சிலைச் செருகிவிட்டு இறங்கலாம். தைப்பூசத்தன்று கோயில் தெருவில் நான் நிறுத்திய இடத்தைப் பார்த்து என் கணவரே வியந்தார். தள்ளுவண்டி உரசிப் போனாலும் மனம் பதறுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். தவணை கட்டிக்கொண்டிருக்கும் பெஸ்ஸாவில் ஒரு கீறல் விழுந்தால் அன்று முழுவதும் அதே நினைவாக இருக்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் எந்தச் சமரசமும் சொல்ல மாட்டேன். கன்சிலை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள். இதை அனுபவப்பட்டுத்தான் சொல்கிறேன். 2021 நவம்பரில் கோலகங்சாரில் உறவினர் திருமணம். கணவர் பெஸ்ஸாவோடு வேலைக்குப் போயிருந்தார். நான் மகளோடு கன்சிலில் ஈப்போவுக்குப் போய் என் அக்காவை ஏற்றிக்கொண்டு, நேரம் குறைவாக இருந்ததால் ஈப்போ வடக்கில் பிளஸ் நெடுஞ்சாலையில் ஏறிவிட்டேன். ஜெலாப்பாங் தாண்டி மெனோரா சுரங்கத்தை நோக்கி ஏறும் மேடு அந்த எஞ்சினுக்கு உரிய இடம் அல்ல. ஏர்கோண்டை அணைத்தேன்; மூன்றாவது கியருக்கு இறங்கினேன்; வேகம் 60, பிறகு 50. பின்னால் ஒரு கொள்கலன் லாரி விளக்கை அடித்துக்கொண்டே நெருங்கி வந்தது. வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டபோது அவசரத் தடத்தில் ஒதுங்கி நிறுத்தினேன். பானெட் இடுக்கில் ஆவி வந்தது. மூவரும் காரிலிருந்து இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் போய், புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். லாரிகள் கடக்கும்போதெல்லாம் அந்தச் சின்னக் கார் காற்றில் குலுங்கியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தக் காருக்குள் என் மகளை வைத்துக்கொண்டு அந்தச் சாலைக்கு வந்தேனே என்பதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

எஞ்சின் சூடானது பழுது, அதைச் சரிசெய்யலாம். சரிசெய்ய முடியாதது வேறு. என்னுடைய கன்சிலில் காற்றுப்பை இல்லை, ஏபிஎஸ் இல்லை, கதவுத் தகடு மெல்லியது. பெஸ்ஸாவில் முன்னால் இரண்டு காற்றுப்பைகளும் ஏபிஎஸ்ஸும் குழந்தை இருக்கைக்கான ஐசோஃபிக்ஸ் கொக்கிகளும் உள்ளன. 2020 ஜனவரியிலிருந்து நம் நாட்டில் சிறு பிள்ளைகளுக்குக் குழந்தை இருக்கை கட்டாயம். அக்காவின் பேரன் வந்தால் அவனைப் பெஸ்ஸாவில் மட்டுமே ஏற்றுகிறோம். மணிக்கு 110 கிலோமீட்டர் அனுமதிக்கப்பட்ட சாலையில் 80க்கே திணறும் கார், ஓட்டுபவருக்கு மட்டுமல்ல, பின்னால் வருபவருக்கும் ஆபத்து. எங்கள் வீட்டில் அன்றே எல்லை போட்டுவிட்டோம்: கன்சில் பள்ளிக்கும் தோட்டத்துக்கும் ஊருக்குள்ளும் மட்டும். ஈப்போவுக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்தால் பழைய கூட்டரசுச் சாலையில், பகலில், தனியாக.

அந்தச் சம்பவத்தின் பின்கதையையும் சொல்ல வேண்டும். இழுவை வண்டி கொண்டுபோய்விட்ட ஈப்போ பட்டறை ஒன்றில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, எஞ்சின் தலைப்பகுதி வளைந்துவிட்டது, 1,800 ரிங்கிட் ஆகும், இல்லையென்றால் காரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கணவர் மறுநாள் காரைச் சுங்கை சிப்புட்டுக்கே இழுத்துவரச் செய்தார். போர்மேன் அண்ணன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலால் அதன் ரப்பர் வளையத்தைத் தடவிக் காட்டினார். அது வெடித்துத் துண்டு துண்டாக இருந்தது. தெர்மோஸ்டாட்டும் பாதி திறந்த நிலையில் சிக்கியிருந்தது. தலைப்பகுதியையும் சோதித்துப் பார்த்தார், வளையவில்லை. இரண்டு பாகங்களையும் மாற்றி, ரேடியேட்டரைக் கழுவி, கூலியோடு 190 ரிங்கிட் வாங்கினார். பழைய கார் வைத்திருப்பவருக்கு நம்பகமான போர்மேன் ஒருவர் பக்கத்தில் இருப்பது எஞ்சினுக்குச் சமம். அப்படி ஒருவர் உங்கள் ஊரில் இல்லையென்றால் நான் மேலே சொன்ன பாராட்டுகளில் பாதியைக் கழித்துவிடுங்கள்.

இப்போது கணக்கு. கிராணியார் எழுதிய அதே நோட்டில் அவருடைய கடைசி வரிக்குக் கீழே தொடர்ந்து நானும் எழுதிவருகிறேன். முதல் வாரச் செலவையும் சேர்த்து ஏழு ஆண்டுகளில் பழுதுக்கும் பராமரிப்புக்கும் ஆன தொகை 7,260 ரிங்கிட். வாங்கிய விலையையும் கூட்டினால் 11,060. 84 மாதத்துக்கு வகுத்தால் மாதம் ஏறத்தாழ 132 ரிங்கிட். பெட்ரோல், வரி, காப்புறுதி இதில் சேராது. பெஸ்ஸாவின் ஒரு மாதத் தவணையில் கன்சிலை மூன்று மாதத்துக்கும் மேலாக வைத்திருக்கலாம். ஆனால் அந்தச் செலவு மாதா மாதம் 132 என்று ஒழுங்காக வருவதில்லை. 2022ஆம் ஆண்டில் முழு ஆண்டுக்கும் 340 ரிங்கிட்தான் செலவு. அடுத்த ஆண்டில் கிளட்ச், ஆல்டர்னேட்டர், ஏர்கோண்ட் கம்ப்ரசர் மூன்றும் நான்கு மாதத்துக்குள் போய் 1,900 ரிங்கிட் கரைந்தது. அதனால் மாதம் 100 ரிங்கிட்டைத் தனியாக ஓர் உறையில் போட்டு வைக்கிறேன். கையில் அப்படி ஒரு தொகை இல்லாமல் பழைய கார் வைத்திருப்பவர்கள், டயர் வழுக்கையான பிறகும் ஓட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். அது சிக்கனம் ஆகாது.

சாலை வரி கன்சிலுக்கு ஆண்டுக்கு 20 ரிங்கிட். 1,000 சிசிக்கு உட்பட்ட எல்லாக் கார்களுக்கும் அதுவே. 1,329 சிசி பெஸ்ஸாவுக்கு 70. பெட்ரோல் விஷயத்தில் பலர் நினைப்பதுபோல் பெரிய வித்தியாசம் இல்லை. பள்ளிப் பாதையில் கன்சில் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தருகிறது, அதே பாதையில் பெஸ்ஸா 13. ஈப்போ சாலையிலோ பெஸ்ஸா 18 வரை போகிறது. 2025 செப்டம்பர் 30 முதல் நடப்புக்கு வந்த, அரசின் பெட்ரோல் உதவித் திட்டமான பூடி95இல் ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1 ரிங்கிட் 99 சென்னுக்குக் கிடைக்கிறது. அந்த விலையில் மாதத்துக்கு இத்தனை லிட்டர் என்ற ஒதுக்கீடு காருக்கு அல்ல, ஓட்டுநர் உரிமம் உள்ளவரின் அடையாள அட்டையான மைகாட்டுக்கு. எனவே இரண்டு கார் வைத்திருப்பதால் மட்டும் ஒதுக்கீடு இரட்டிப்பாகாது. எங்கள் வீட்டில் இருவருக்கும் தனித்தனியே இருப்பதால் இதுவரை குறைவு ஏற்பட்டதில்லை.

காப்புறுதியைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பலர் கணக்குத் தவறுகிறார்கள். கோரிக்கை இல்லாமல் ஐந்து ஆண்டு ஓட்டியவருக்கு 55 விழுக்காடு வரை கிடைக்கும் என்சிடி கழிவு, ஓட்டுநரின் பெயரில் எல்லாக் கார்களுக்கும் பரவுவது கிடையாது. ஒரு நேரத்தில் ஒரு காருக்குத்தான் அது பொருந்தும். பெஸ்ஸாவில் நாங்கள் சேர்த்து வைத்த கழிவு கன்சிலுக்கு உதவவில்லை. அது சுழியத்தில் தொடங்கி, அடுத்த ஆண்டு 25 விழுக்காடு என்று தனியாக ஏறி வந்தது. பழைய காருக்கு முழுக் காப்புறுதி தர எல்லா நிறுவனங்களும் முன்வருவதில்லை. எங்களுடையது மூன்றாம் தரப்புக் காப்புறுதி. ஆண்டுக்கு 200 ரிங்கிட்டைத் தொடுவதில்லை. ஆனால் கார் திருடு போனாலோ, நானே மரத்தில் மோதினாலோ ஒரு சென்னும் வராது. ஆகவே ஸ்டீயரிங்குக்கும் பெடலுக்கும் பூட்டுப் போட்டுத்தான் நிறுத்துகிறேன்.

பெஸ்ஸாவின் தகுதியைக் குறைத்துச் சொன்னதாக யாரும் எண்ண வேண்டாம். தீபாவளிக்கு முன் பினாங்குக்குப் போய் நான்கு குடும்பத்துக்கும் துணியும் பலகாரச் சாமானும் ஏற்றி வந்தால் 508 லிட்டர் பூட் முழுவதும் கொள்கிறது; கன்சிலின் பின்பக்கத்தில் ஒரு மூட்டை அரிசியும் இரண்டு பையும் வைத்தால் கதவு சாத்தச் சிரமம். இரவில் பெஸ்ஸாவின் விளக்கு வெளிச்சம் கன்சிலைவிட எவ்வளவோ மேல். அத்தையை மாதம் ஒருமுறை ஈப்போவுக்கு மருத்துவச் சோதனைக்கு அழைத்துப் போவது பெஸ்ஸாவில்தான். முட்டி வலியோடு ஒரு மணி நேரம் கன்சிலில் உட்கார்வது அவரால் ஆகாது. ஆனால் தோட்டத்து வீட்டிலிருந்து அவரை வெள்ளிக்கிழமை கோயிலுக்கு ஏற்றிவர நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கடந்த ஆண்டு அவருக்குக் காய்ச்சல் கண்ட இரவில், கணவர் இரவு ஷிப்டில் இருக்கும்போது, இருபது நிமிடத்தில் நான் அவருடைய வாசலில் நின்றேன். அந்த இருபது நிமிடத்துக்காகத்தான் இந்தக் காரை வாங்கினோம். அதற்குப் பெஸ்ஸாவைவிட நல்ல காரோ புதிய காரோ தேவைப்படவில்லை. வீட்டு வாசலில் நிற்கும் கார் தேவைப்பட்டது.

மகளுக்குப் பதினெட்டு வயது ஆகிவிட்டது. ஆட்டோ கார் மட்டும் ஓட்டும் டிஏ உரிமம் எளிது என்று தோழிகள் சொன்னபோதும், கன்சிலை ஓட்ட வேண்டும் என்பதற்காக டி உரிமத்துக்கே பயிற்சி எடுத்துத் தேறினாள். இப்போது கண்ணாடியில் புதிய ஓட்டுநருக்கான பி வில்லை ஒட்டியிருக்கிறது. அவளுக்கும் அதே எல்லைதான்: ஊருக்குள், பகலில். நெடுஞ்சாலைப் பழக்கத்துக்கு அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெஸ்ஸா. கிளட்சை விடும்போது இன்னும் சில நேரம் எஞ்சினை நிறுத்திவிடுகிறாள். போன சனிக்கிழமை தனியாக எண்ணெய் நிலையத்துக்குப் போய் வந்து, நீல நோட்டைக் கேட்டு வாங்கி, என்னுடைய கடைசி வரிக்குக் கீழே எழுதினாள்: 171,240 கிலோமீட்டர், எண்ணெய் 20 ரிங்கிட், இடது முன்டயரில் காற்றுக் குறைவு, அடைத்தாயிற்று.